லேமினேட் செய்த பாஸ்

“கிழியக் கூடாதுன்னுதான் லேமினேட் பண்ணினேன். அது ஒரு குத்தமா சார்?” என்கிறார் அப்பா. ஓடும் டிராமில் பரிசோதகர் எங்கள் ஒரு வாரப் பாஸை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். பிளாஸ்டிக் உறை வெயிலில் மின்னி, அவர் கன்னத்தில் வெள்ளையாய் ஒரு கட்டம் நடுங்குகிறது. “மெஷின்ல விட்டு முத்திரை குத்தணும். இது உள்ளயே போகாது. செல்லாது. அடுத்த ஸ்டாப்ல இறங்குங்க.” அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “இந்த மனுஷன் எங்க கல்யாணப் பத்திரிகையையே லேமினேட் பண்ணி வச்சிருக்காரு, இதை விடுவாரா? நாலு நாளா இதைத்தானே காட்டினோம்? உங்க ஆளுங்கதானே தலையாட்டி ஏத்திக்கிட்டாங்க? ஊர் பாக்க வந்தவங்கன்னா அவ்வளவு இளக்காரமா?” திரும்பிய தலைகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கைப்பேசிக்குள் கவிழ்கின்றன. வளைவில் சக்கரம் கிறீச்சிடுகிறது. மேலே தொங்கும் கைப்பிடிகள் ஒரே பக்கமாகச் சாய்கின்றன. பரிசோதகர் வண்டியை நிறுத்தும் மணியின் மேல் கட்டைவிரலை வைக்கிறார். அம்மா எழுந்திருக்கவில்லை. கம்பியைப் பிடித்த அவள் விரல்கள் வெளுத்திருக்கின்றன. “நாளைக்குக் காலையில ஊருக்குக் கிளம்பறோம். கடைசி ஸ்டாப்ல கடல் இருக்காமே, நான் இதுவரைக்கும் கடலைக் கண்ணால பாத்ததில்ல. பாத்துட்டு நானே இறங்கிக்கறேன். அதுவரைக்கும் அந்தக் கையை மணியிலேருந்து எடுங்க சார்.”