மேம்பாலம் ஏறும் மலை

ரயில்வே மேம்பாலத்தில் என் மொபெட் பாதியில் நின்றுவிட, இறங்கித் தள்ளுகிறேன். பின்சீட்டில் மகள் ஸ்நேகா, பள்ளிக்கூடத்துக்காக நான் செய்த மலையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். அடிவாரத்தில் பச்சை மரத்தூள் காடு, அதற்கு மேலே புல்வெளி, உச்சியில் என் மனைவி மோனிகாவின் முகப்பவுடர் பனி. மற்ற அப்பாக்கள் தெர்மாகோலில் செய்ய, உருக்காலைக்காரனான நான் இரும்புக் கசடில் செய்திருக்கிறேன், பன்னிரண்டு கிலோ. இந்த மேம்பாலத்தைவிட உயரமான எதிலும் நான் ஏறியதில்லை என்பது மலைக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது, வேண்டுமென்றே கனக்கிறது. "ஒம்போதுக்குள்ள வெச்சாதான் மார்க்கு, நைனா." "மலைய நல்லா புட்ச்சிக்கோ, உச்சி வந்துட்ச்சி." பாலத்தின் மேட்டில் மூச்சு வாங்கித் திரும்புகிறேன். மலை மொட்டையாக நிற்கிறது. பனி முழுவதும் அவள் தாடையில். என் முகம் போன போக்கைப் பார்த்து, "வெயில் காலம்னு சொல்லிக்கிறேன், நீ வண்டிய எடு" என்கிறாள்.