ஓனர்: பீமராவ்

ரிஃபானாவுக்கு நடந்தது பச்சை அநியாயம். எட்டு மாதம் உழைத்து முடித்த ப்ராஜெக்ட், கல்லூரி சர்வரில் அவளுடைய ஃபோல்டரில் இருந்தது. திங்கட்கிழமை காலையில் பார்த்தால், அந்த ஃபோல்டரே லேப் இன்சார்ஜ் பீமராவின் பேருக்கு மாறியிருக்கிறது. திறக்கப் போனால், 'உங்களுக்கு அனுமதி இல்லை.'

புதன்கிழமை மூன்று மணிக்குள் ப்ராஜெக்டைக் கொடுக்க வேண்டும். தவறினால் டிகிரி தள்ளிப்போகும். கேம்பஸில் கிடைத்திருக்கிற வேலையும் போய்விடும்.

"அழாதே, எழுந்திரு. போய்க் கேட்டுடலாம்" என்றாள் வகுப்புத் தோழி தேவதர்ஷினி.

"வேணாம்டி. சார் அப்படிப்பட்டவர் இல்ல. ஏதாவது காரணம் இருக்கும்."

"தென்னூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்து உழைச்சது நீ. காரணம் மட்டும் அவருக்கா?"

தேவதர்ஷினிக்கு அந்த சர்வர் அத்துப்படி. புது சர்வருக்கு மாறியதும், முந்நூறு மாணவர்களின் ஃபோல்டர்களையும் அவரவர் பேருக்கு மாற்ற சி மொழியில் ப்ரோக்ராம் எழுதியதே அவள்தான். போன வெள்ளிக்கிழமை மாலை பீமராவ் தன் பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுக்க, கண் மூடித் திறப்பதற்குள் ஓடி முடிந்துவிட்டது.

அதற்கு முன்னால் அவர் சொன்ன நொட்டை கொஞ்சமா?

"பேரை மட்டும் வச்சு மாத்தாதம்மா. முதல்ல ஃபோல்டரைத் திறந்து பிடிச்சுக்கோ. வேற எங்கயாவது போற லிங்க்கா இருந்தா விட்டுடு. பிடிச்சதை மட்டும் மாத்து. நாலு வரிதான் கூடும்."

"எதுக்கு சார் அந்த நாலு வரி? இது நம்ம காலேஜ் சர்வர். இங்க என்ன திருடனா வரப்போறான்?"

அன்றைக்கு அரை மணி நேர வாக்குவாதம். ஜெயித்தது தேவதர்ஷினிதான்.

லேபில் பீமராவ் டிபன் பாக்ஸைத் திறக்காமல் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். பதினோரு வருடமாகக் கான்ட்ராக்ட் வேலை.

"சார், ரிஃபானா ஃபோல்டர் எப்படி உங்க பேருக்கு வந்துச்சு?"

"நான்தான் மாத்தினேன்."

"யாரைக் கேட்டு?"

அவர் ரிஃபானா பக்கம் திரும்பினார். "ஏம்மா, உன் ஃபோல்டருக்குள்ள மார்க் ஃபோல்டருக்கு ஒரு லிங்க் வச்சிருந்தியா?"

"ஆமா சார். மார்க் பாக்க ஒவ்வொரு தடவையும் தேட வேண்டியிருந்துச்சு. எல்லாரும் பாக்கலாம்னு விட்டதுதானே?"

"பாக்கலாம். சனி, ஞாயிறு வீட்டுலேர்ந்து சர்வர்ல நுழைஞ்சியா?"

"ரிப்போர்ட்ல கொஞ்சம் திருத்தம் இருந்துச்சு சார்..."

பீமராவ் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"பேச்சை மாத்தாதீங்க சார்" என்று தேவதர்ஷினி குறுக்கே வந்தாள். "அவ உழைப்பு உங்க பேர்ல இருக்கு. அதுக்கு பதில் சொல்லுங்க."

"கொஞ்சம் சரிபாக்க வேண்டியிருக்கு, புதன்கிழமை காலைல குடுத்துடறேன். அதுவரைக்கும் பொறுத்துக்கோங்கம்மா."

"எங்கப்பா கைலாசபுரம் ஃபேக்டரில முப்பது வருஷமா யூனியன்ல இருக்கார். பொறுத்துக்கற பழக்கம் எங்க வீட்டுல கிடையாது சார்."

அன்றே பிரின்சிபாலுக்கு மூன்று பக்கம் எழுதினாள். தயங்கித் தயங்கி ரிஃபானாவும் கையெழுத்துப் போட்டாள்.

புதன்கிழமை காலை ஃபோல்டர் திரும்பி வந்தது. எல்லாம் வைத்தது வைத்தபடி. அந்த லிங்க் மட்டும் இல்லை.

"பாத்தியா? எழுதிக் குடுத்ததும் தானா வருது!"

இரண்டரை மணிக்கே ரிஃபானா ப்ராஜெக்டைக் கொடுத்துவிட்டாள்.

அதே நேரத்தில் மாடியில் விசாரணை. அங்கே இன்னொன்றும் வெளியே வந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கள் வரை மார்க் ஃபோல்டர் திருத்த முடிகிற மாதிரி திறந்தே கிடந்திருக்கிறது. இப்போது அது இருப்பதும் பீமராவ் பேரில்! துறைத்தலைவர் அனுசுயா மேடம் எவ்வளவோ கேட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. 'என் பாஸ்வேர்டில் நடந்தது. பொறுப்பு என்னுடையது' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தாராம். ஐந்து மணிக்கு வேலை போய்விட்டது.

"மார்க்குலயே கை வச்சிருக்கார்டா" என்றது வகுப்பு. தேவதர்ஷினிக்குப் பலர் கை கொடுத்தார்கள்.

ஆனால் அவளுக்கு என்னவோ உறுத்தியது. மூன்று பக்கத்தில் ஒரு வரியைக்கூட அவர் ஏன் மறுக்கவில்லை? பஸ் ஸ்டாப்புக்கு ஓடினாள். பீமராவ் ஒரு கட்டைப்பையோடு நின்றிருந்தார்.

"சார், உங்க பக்கம் ஒரு நியாயமும் இல்லையா? ஏன் ஒண்ணுமே பேசலை?"

"அந்த ப்ரோக்ராம் உன்கிட்ட இருக்கில்ல? அடுத்த மாசம் ஜூனியர்ஸுக்காக மறுபடி ஓட்டுவாங்க. அதுக்குள்ள அந்த நாலு வரியைச் சேத்துடும்மா."

"நான் கேட்டதுக்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

ஸ்ரீரங்கம் பஸ் வந்து நின்றது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு படியில் கால் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை அந்த ப்ரோக்ராம் ரிஃபானாவோட லிங்க் வழியா போய், மார்க் ஃபோல்டரையும் அவ பேருக்கு மாத்திடுச்சும்மா. சனி, ஞாயிறு அவ உள்ள வேற நுழைஞ்சிருக்கா, மார்க்கைத் திருத்தினது அவதான்னு சொல்லிடுவாங்க. திங்கக்கிழமை வேற யாரும் பாக்கறதுக்குள்ள ரெண்டையும் என் பேருக்குப் போட்டுக்கிட்டேன். இதை அவகிட்ட சொல்லிடாதே. அந்தப் பொண்ணு நேரா பிரின்சிபால் ரூமுக்குப் போய் உண்மையைச் சொல்லிடும்."