மாதா கழுத்துக் காசு

"பதினாலும் கள்ளக் காசுதான்மா," என்றாள் மிலேனா.

தோன்காவுக்கு உட்கார முடியவில்லை. எழுந்தாள். தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள். திரும்பவும் உட்கார்ந்தாள்.

பால்கன் மலையடியில் எங்கள் ஊர் மாதா கோயில் முற்றத்தில்தான் இது நடந்தது. மாதா படத்தில் தொங்கும் வெள்ளிக் காசு மாலையைப் பதிவு செய்ய அருங்காட்சியகத்திலிருந்து மிலேனா வந்திருந்தாள். மாலையைச் சாத்தியவர் தோன்காவின் கொள்ளுத்தாத்தா, மாவு மில் பெட்கோ. அதனால்தான் மாதா திருநாள் ஊர்வலத்தில் படத்தை முதலில் தூக்கும் பாக்கியம் அந்த வீட்டுக்கு.

திருநாள் நாளைக்கு.

"இன்னொரு தடவை பாருங்கம்மா."

"பார்த்துட்டேன். அந்தக் காலத்து அஞ்சு லெவா வெள்ளிக் காசு இருபத்தஞ்சு கிராம் இருக்கணும். இதுல ஒண்ணுகூட இருபத்திரண்டைத் தாண்டல. இந்த ஓட்டைக்குள்ள பாருங்க, சிவப்பா தெரியுதா? செம்பு. மேலே வெள்ளி முலாம்."

"பின்னால யாராச்சும் மாத்தி வச்சுட்டாங்களோ என்னவோ."

"இல்லம்மா. நல்ல காசு புழங்கின அதே காலத்துல அடிச்ச கள்ளக் காசு இது. பல கை மாறித் தேஞ்சிருக்கு. ஓட்டைக்குள்ள நூறு வருஷத்து மெழுகுப் புகை அப்பியிருக்கு."

பெஞ்சின் மறுமுனையில் நாளைய விருந்துக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த வெலிகாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்போ மாதாவுக்கே செல்லாக் காசைப் போட்டுட்டு, இத்தனை வருஷமா நெஞ்சை நிமித்திப் படம் தூக்கியிருக்கீங்க. அப்படித்தானே அக்கா?"

"நீ உன் வேலையைப் பாரு வெலிகா."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். எங்க வீட்ல ஒரு மெழுகுத்திரி ஏத்துனாலும் நல்லதாப் பாத்துத்தான் வாங்குவோம். பாதிரியார்கிட்ட நானே சொல்றேன். நாளைக்கு நாங்க தூக்கிக்கறோம்."

"பாவம், அவர் ஏமாந்திருப்பார்," என்றாள் தோன்கா.

"யாரு, மில்காரரா? மூட்டைக்குள்ள ஒரு கல்லு கிடந்தாலே கண்டுபிடிச்சிருவாராம். அவரா ஏமாறுவார்?"

மிலேனா லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இவங்க சொல்றது சரிதான். அவர் ஏமாறல."

தோன்காவின் முகம் செத்துப்போனது.

"எல்லாக் காசு விளிம்புலயும் ஒரே மாதிரி சின்னக் கத்தி வெட்டு இருக்கு. சுரண்டிச் சோதிச்சிருக்கார். கள்ளக் காசுன்னு தெரிஞ்சேதான் மாட்டியிருக்கார்."

"கேட்டுக்கிட்டீங்களா அக்கா?" வெலிகா இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள், பாதிரியாரிடம் போக.

"கொஞ்சம் இருங்க," என்றாள் மிலேனா. காசுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். "காசுல இருக்கற ராஜா தலையில, காதுக்குக் கீழே ஒரு கீறல். பதினாலிலும் இருக்கு. அப்படின்னா ஒரே அச்சு, ஒரே பட்டறை. இத்தனையும் இந்த ஒரு மில்லுக்கே வந்து சேர்ந்திருக்கு. அடிச்சவன் இந்த ஊர்க்காரன்தான்."

"அதுக்கு?"

"அப்பெல்லாம் கள்ளக் காசு அடிச்சவனுக்கு ஜெயில். உங்க கொள்ளுத்தாத்தா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தக் குடும்பமே நடுத்தெருவுக்கு வந்திருக்கும். அவர் சொல்லல. கைக்கு வந்ததை எல்லாம் ஓட்டை போட்டு, வேற யாரும் ஏமாறாதபடி, எந்தப் போலீசும் கை வைக்காத இடத்துல தொங்கவிட்டுட்டார். யாரையோ காப்பாத்தியிருக்கார்மா."

தோன்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இதை எழுதி வச்சா உங்க குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய பேரு. படத்தை உங்களைத் தவிர யாரு தூக்குவா?" மிலேனா நோட்டை விரித்தாள். "இன்னும் ஒரே ஒரு விவரம் வேணும். அந்தக் காலத்துல இந்த ஊர்ல செம்புப் பட்டறை வச்சிருந்தது யாரு?"

எழுந்த வெலிகா அப்படியே நின்றாள்.

அந்தக் காலத்தில் இந்த ஊரில் செம்புப் பாத்திரம் அடித்தது ஒரே குடும்பம். வெலிகாவின் குடும்பம்.

தோன்கா கண்ணைத் துடைத்தாள். மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அப்படி இங்க யாரும் இருந்ததில்லம்மா. எங்க கொள்ளுத்தாத்தாதான் ஏதோ வெளியூர்ச் சந்தையில ஏமாந்துட்டார். அப்படியே எழுதிக்கோங்க. வெலிகா, இப்படி நிழல்ல வந்து உக்காரு, உனக்கு வேர்க்குது பாரு."