நாற்காலிக்கு அளவு

“குதிகால் வரைக்கும் எதுக்குய்யா அளக்கறே? நான் நின்னுக்கிட்டா நாற்காலியில உட்காரப் போறேன்?”

படுக்கையில் கிடந்தபடியே ஆம்புரோஸ் கேட்டார். அளவுகோலும் கையுமாக இருந்த தச்சர் ரிக்பி பேந்தப் பேந்த விழித்தார்.

“கால் நீட்ட ஒரு பலகையும் சேர்த்துச் செய்யச் சொல்லியிருக்கேன்” என்று ஆம்புரோஸின் மனைவி தபிதா முந்திக்கொண்டாள்.

“தோள் அகலம் எதுக்காம்?”

“சாயறது யாரு, பக்கத்து வீட்டுக்காரரா? பேசாம படுங்க.”

“சரி சரி. ரிக்பி, நாற்காலிக் காலு மட்டும் புலி நகம் உருண்டையைக் கவ்வற மாதிரி இருக்கணும். லண்டன்காரங்க படம் போட்டு விக்கறாங்களே, அந்த தினுசு. என் மச்சினன் பார்த்து வயிறெரியணும்.”

சிரித்தவருக்கு இருமல் வந்துவிட்டது. தபிதா அவர் தலையைத் தாங்கிப் பிடித்தாள்.

லங்காஸ்டரில் நாற்காலி செய்கிறவர்தான் சவப்பெட்டியும் செய்வார். நோயாளியிடம் உண்மையைச் சொல்லும் வழக்கம் அந்த ஊர் வைத்தியருக்குக் கிடையாது; வீட்டில் மற்றவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்வார். ‘கிறிஸ்துமஸ் தாண்டாது’ என்று தபிதாவிடம் சொல்லியிருந்தார்.

வாசலில் ரிக்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “சவப்பெட்டிக்குத்தான் அளவுன்னு தெரிஞ்சா அவருக்கு இன்னிக்கே உயிர் போயிடும். மூச்சு விடக் கூடாது.”

“விடமாட்டேம்மா. ஓக் மரம்தானே?”

“ஓக் மரமே போதும்.”

அவளுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வாரம், சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பட்டறைக்கே போனாள். மேடு ஏறிய மூச்சிரைப்பு அடங்கவில்லை. ரிக்பி வாசலை மறித்து நின்றார்.

“இன்னும் ஆகலைம்மா. நானே சொல்லி அனுப்பறேன்.”

“ஆன வரைக்கும் பார்த்துட்டுப் போறேன். தள்ளுங்க.”

உள்ளே, சுவரோரமாக ஒரு பெட்டி சாய்த்து வைத்திருந்தது. ஓக் இல்லை; முகம் தெரிகிற அளவுக்கு மெருகேற்றிய, விலை கூடிய ஜமைக்கா மகாகனி மரம்.

“ஆகலைன்னு பொய்யா சொன்னீங்க? ஆனா இவ்வளவு குட்டையா இருக்கே. அவர் காலு மடங்கிடுமே ரிக்பி. அளந்துட்டுத்தானே போனீங்க?”

ரிக்பி தொப்பியைக் கழற்றினார்.

“ஐயாவோடதுக்கு இன்னும் பலகையே அறுக்கலைம்மா. இது போன மாசம் ஐயா செய்யச் சொன்னது. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அவரும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு.”

தபிதா மூடியைத் தன் பக்கம் திருப்பினாள். பித்தளை ஆணிகளால் வரிசையாக அடித்திருந்தது அவள் பெயர்.