வாய்க்காலில் எறிந்த கல்

வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸுக்கு முளைக்கோதுமையில் சுமலக் என்ற கூழைக் கிண்டும்போது, அடிபிடிக்காமலிருக்க அண்டாவில் கூழாங்கற்கள் போடுவோம். யார் கிண்ணத்தில் கல் வருகிறதோ அவர் ஒன்று வேண்டிக்கொள்ளலாம். போன வருஷம் என் அண்ணி ஸுல்ஹுமோருக்கு வந்தது. அம்மா பிடுங்கிக்கொள்வாள் என்று அதைக் கன்னத்தில் ஒதுக்கினாள். அண்ணன் ஏதோ சொல்ல, சிரித்தாள். வேண்டிக்கொள்வதற்குள் கல் உள்ளே போய்விட்டது.

அது குடலை அடைத்தது. வயிறு பானையாக உப்பி, பச்சைப் பச்சையாக வாந்தி எடுத்தாள். மார்கிலான் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். இடுக்கி பட்ட இடத்தில் கல்லில் ஒரு வெள்ளைக் கீறல்.

மயக்கம் தெளிந்ததும் அண்ணி, "கல்லக் குடுங்க அத்தை, நான் இன்னும் வேண்டிக்கல" என்றாள்.

"உசுரு பொழச்சதே பெருசு. வேண்டுதல் ஒரு கேடா?" என்ற அம்மா, வீடு திரும்பும் வழியில் அதை வாய்க்காலில் எறிந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

இந்த வருஷம் பயத்தில் கல்லே போடவில்லை. ஆனாலும் கிண்டக் கிண்ட அடியில் ஏதோ உருண்டது.

"என்னடி சத்தம்?"

"கரண்டிதான் அத்தை."

"சரி, கரண்டிதான்."

கூழ் அடிபிடிக்கவேயில்லை.

கூழ் குடிக்கும்போது அண்ணி இரண்டாவது வாயோடு நிறுத்தினாள். உள்ளங்கையில் துப்பினாள். அதே கல், அதே கீறல்.

"துப்பிட்டா!" என்று அண்ணன் அழுதேவிட்டான். எங்களுக்கும் அப்போதுதான் மூச்சே வந்தது. கல் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அம்மா மட்டும் தன் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"சீக்கிரம் வேண்டித் தொலைடி. இல்லன்னா அடுத்த வருஷமும் வரும்."