மால்டாவில் ஒரு கரை

“இதுவும் வேண்டாம்மா” என்று அந்தக் கடற்கரையையும் தள்ளிவிட்டாள் முத்துக்கனி.

ஜெர்லின் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பி வைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. தூத்துக்குடியில் அந்த டிராவல்ஸ் ஆபீஸுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சென்னைக்கும் துபாய்க்கும் டிக்கெட் கேட்பவர்கள்தான். இந்த அம்மாளோ, மால்டா தீவில் இருக்கிற நல்ல கடற்கரைகளையெல்லாம், பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை வீட்டார் மாதிரி ஒவ்வொன்றாகக் குறை சொல்லிக் கழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் புருஷன் வேல்ராஜ் உட்கார்ந்திருந்தார்.

“அக்கா, இந்தத் தண்ணியப் பாருங்க. அலையே கிடையாது. கழுத்தளவு தண்ணியில நின்னாலும் கால் விரல் தெரியும்.”

“அலை இல்லாத கடலு நமக்கு எதுக்கு? தெப்பக்குளம் மாதிரில்லா கிடக்கு.”

ஜெர்லினுக்குச் சிரிப்பு வந்தது. கொடுத்துவைத்தவர்கள் என்றும் தோன்றியது. மகனுக்கு வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் வேலை. அப்பா அம்மாவுக்கு விமான டிக்கெட்டைக் கம்பெனியே போட்டுக் கொடுக்கிறது. தங்குகிற இடத்தை மட்டும் இவர்கள் பார்த்துக்கொண்டால் போதும். ஜெர்லினின் அம்மா கன்னியாகுமரியைத் தாண்டியதில்லை. கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

“மகனும் மால்டா பக்கந்தானா அண்ணாச்சி?”

வேல்ராஜ் வாய் திறப்பதற்குள் முத்துக்கனி முந்திக்கொண்டாள். “அங்கனதான் இருக்கான்.”

“பெறவென்ன, ஊரச் சுத்துன மாதிரியும் ஆச்சு, மகனப் பாத்த மாதிரியும் ஆச்சு.”

“ஆமாம்மா” என்றார் வேல்ராஜ். “பாக்கத்தான் போறோம்.”

ஜெர்லின் அடுத்த படத்தைத் தட்டினாள். பொன் நிற மணல், வரிசையாகக் குடைகள். “இது குடும்பத்தோட போறவங்களுக்குன்னே உள்ளது. தினமும் விடியுமுன்ன மிஷின் விட்டு அள்ளிருவாங்க. ஒரு தூசி இருக்காது.”

“எத அள்ளுவாங்க?”

“ராத்திரி கடல் கொண்டாந்து போட்டதத்தான். ஆளுங்க வாரதுக்கு முன்ன சுத்தம் பண்ணிருவாங்க.”

“அள்ளி எங்கன கொண்டு போடுவாங்க?”

“குப்பையிலதான், வேற எங்கன?”

முத்துக்கனியின் முகம் சட்டென்று சுருங்கிப்போனது. “இது வேண்டவே வேண்டாம்” என்றாள்.

“நீங்க இப்படிக் கழிச்சிக்கிட்டே இருந்தா எப்படிக்கா?”

“கோவப்படாதம்மா. முட்டுவலியோட என்னால அங்கயும் இங்கயும் அலைய முடியாது. ஒரு கரையிலதான் போய் இருக்க முடியும். இன்னொரு தடவ நம்மள யாரு கூட்டிட்டுப் போவா? இடத்தத் தப்பாப் பிடிச்சிட்டு வந்தா ஆயுசுக்கும் மனசு ஆறாது.”

ஒரு கடற்கரைக்கா இத்தனை பாடு என்று ஜெர்லினுக்கு அலுப்பாக இருந்தது. அப்போதுதான் வேல்ராஜ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

“நான் மாலத்தீவுக்குத் தோணியில வெங்காயம் அனுப்புதவன்மா. ஒரு வருசம் தோணி கவுந்துபோச்சு. ஆளுங்க தப்பிச்சிட்டாங்க. சரக்கு பூராவும் போச்சுன்னு நான் தலையில துண்டப் போட்டுட்டு உக்காந்திருக்கேன், பாத்தா மூட்டையெல்லாம் வேம்பார் கரையில வந்து கிடக்கு. காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ, கடலு அந்தப் பக்கந்தான் கொண்டு சேக்கும். மால்டாவுல இப்பம் எந்தக் காத்து?”

மால்டாவுக்குப் போனாலும் வியாபாரி வெங்காயத்தை விடமாட்டார் போலிருக்கிறது. ஊர்க் கடலை வைத்தே உலகத்துக் கடலையெல்லாம் அளக்கிற மனுஷர். ஜெர்லின் தேடிப் பார்த்து, “வடமேற்குக் காத்துதான் ஜாஸ்தின்னு போட்டிருக்கு” என்றாள்.

“அப்பம் வடமேக்கப் பாத்த கரையாக் காட்டு.”

வரைபடத்தில் பேர்கூடப் போடாத ஒரு கரை இருந்தது. மணல் இல்லை, கல்தான். படத்தில் பிளாஸ்டிக் கேன்களும் உடைந்த பலகைகளும் அறுந்த வலையும் குவிந்து கிடந்தன. அதன் கீழே யாரோ வெள்ளைக்காரர் எழுதியிருந்ததைப் பார்த்ததும், இதோடு இவர்கள் திருந்திவிடுவார்கள் என்று ஜெர்லின் தமிழில் சொல்லிக் காட்டினாள்.

“‘யாரும் இங்கே வராதீர்கள். கடலில் எது விழுந்தாலும் இந்தக் கரைக்குத்தான் வந்து சேர்கிறது.’ கேட்டீங்களா அக்கா?”

“அத இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னாள். முத்துக்கனி புருஷனைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். இருவருக்கும் கண் கலங்கிவிட்டது.

“இதான். இதுக்குப் பக்கத்துலயே ரூம் போட்டுரு. சன்னல் கடலப் பாத்து இருக்கணும். கதவத் தொறந்தா உடனே எறங்கிப் போற மாதிரி இருக்கணும்.”

ஜெர்லினுக்கு ஒன்றும் புரியவில்லை. வயசானவர்களை இப்படியொரு இடத்துக்கு அனுப்பிவைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

“அக்கா, நான் சொல்லுததக் கேளுங்க. ஒரு ஈ காக்கா போகாத இடம் இது. நாளைக்கு உங்க மகன் என்னயத்தான் ஏசுவாரு. எதுக்கும் அவருக்கு ஒரு போனப் போட்டுக் கேட்டுக்கிடுங்களேன்.”

வேல்ராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முத்துக்கனி திரையில் இருந்த அந்தக் கல் கரையை விரலால் மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

“அவன் கப்பல்ல இருந்து கடல்ல விழுந்துட்டான் தாயி. இன்னும் கரை சேரல.”