மேல்மண்ணுக்குச் சம்மதம்

செங்கோடன் கடைசியாகச் செய்தது, மடையில் சிக்கிய சோளத்தட்டையைக் காலால் தள்ளிவிட்டதுதான். அப்படியே வரப்பில் சரிந்தவர் எழவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், மேட்டுக்காட்டு நிலத்தைச் சமன் செய்ய அவர் போட்டிருந்த மனு என்னவாயிற்று என்று கேட்க, அவர் மனைவி நாச்சாயி ஒன்றிய அலுவலகத்துக்குப் போனாள்.

"அனுமதி குடுத்தாச்சுங்கம்மா," என்றார் எழுத்தர். "மேல்மண்ணு செங்கல் சூளைக்குப் போகுது. நேத்து விசாரணையில உங்க வூட்டுக்காரரோட பதிலாள் சம்மதம் சொல்லிட்டாரு."

மனு போடும் அன்றே, விசாரணையில் அவரவருக்குப் பதிலாகப் பேச, ஒவ்வொருவருக்கும் திரையில் ஒரு பதிலாளை அலுவலகம் உண்டாக்கி வைத்துவிடும். அதே முகம், அதே குரல், அதே புத்தி.

நாச்சாயி நம்பவில்லை. மேல்மண் போனால் அடியில் வெறும் சுக்கான்கல், புல்கூட முளைக்காது.

"சூளைக்காரனும் நீங்களும் சேர்ந்து அந்தப் பொம்மைக்குச் சொல்லிக்குடுத்திருக்கீங்க. எங்கிட்டக் கேக்காம அவரு எதுக்கும் தலையாட்ட மாட்டாருங்க."

"நீங்களே கேட்டுப் பாருங்க." எழுத்தர் திரையைத் திருப்பினார்.

"ஏனுங்க, மண்ணைக் குடுக்கறேன்னு சூளைக்காரங்கிட்ட எப்பச் சொன்னீங்க?"

திரையில் செங்கோடன் காதைச் சொறிந்தார். "வூட்டுக்குப் போயிப் பேசிக்கலாம் புள்ள."

நாச்சாயி வாசலைப் பார்த்துத் திரும்பினாள். அவளுக்குத் தெரியாமல் எதையாவது செய்துவிட்டு மாட்டிக்கொண்டால், முப்பது வருடமாக அவர் சொல்லும் பதில் அதுதான்.